திறந்த மூல மென்பொருள்: ஆவணங்களைத் தன்னியக்கமாகச் சோதித்தலும் வெளியிடலும்

மாணவர்களே, 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஏற்பட்ட சுனாமி பாசிக்குடா, கல்குடா உட்பட மட்டக்களப்பு மாவட்டக் கரையோரத்தைத் தாக்கியதைப் பெரியோர் கூறக் கேட்டிருப்பீர்கள். இலங்கையில் 30,000 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எவருக்கு எது தேவை என்பவற்றைப் பதிவுசெய்வதற்காக இலங்கைக் கணினித்துறையினர் தொண்டர்களாக ஒன்றுசேர்ந்து ‘சஹானா’ எனும் மென்பொருளை உருவாக்கினர். சிங்களத்தில் இச்சொல் நிவாரணம் எனப் பொருள்படும். இது திறந்த மூல மென்பொருளாகையால், 2005 இல் பாகிஸ்தானிலும் 2010 இல் ஹெயிட்டியிலும் ஏற்பட்ட பூமியதிர்ச்சிகளின் பின்னர் அங்கும் பயன்பட்டது.

1. ஆவணப்படுத்தல் ஏன் அவசியம்?

திறந்த மூல மென்பொருளின் மூலக்குறியை எவரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஒருவரையொருவர் நேரில் கண்டிராத பலர் அதனை விருத்தி செய்வர். அவர்களை இணைப்பது ஆவணமே. நிறுவும் முறை, பயன்படுத்தும் முறை, உதாரணங்கள் ஆகியன அதில் இடம்பெறும். ஆனால் செய்நிரல் மாறியும் ஆவணம் மாறாதிருப்பின், அது பயனரைப் பிழையான வழியில் இட்டுச்செல்லும். அனர்த்த வேளையில் இது சிறிய தவறன்று.

2. ஆவணத்தையும் சோதிக்கலாம்

பாசிக்குடாவில் ஒரு முகாமில் பெரியோர் 120 பேர், சிறுவர் 35 பேர் உள்ளனர் எனக் கொள்வோம். உணவுப் பொதிகளைக் கணக்கிடும் செய்நிரலின் ஆவணத்தில் பின்வரும் உதாரணம் உள்ளது:

>>> மொத்தம்(120, 35)
155

பைதன் மொழியுடன் வரும் ‘டொக்டெஸ்ட்’ எனும் கருவி, இவ்வுதாரணத்தை உண்மையாகவே இயக்கி விடையை ஒப்பிடும். பின்னர் ஒருவர் செய்நிரலை மாற்றும்போது தவறுதலாகச் சிறுவரை விட்டுவிட்டால் விடை 120 ஆகும். எதிர்பார்த்தது 155, கிடைத்தது 120 எனக் கருவி உடனே அறிவிக்கும். இல்லையேல் 35 சிறுவர்களுக்கு உணவு வராதபோதே வழு தெரியவரும்.

3. தன்னியக்கச் செயன்முறையின் படிகள்

(அ) பங்களிப்பாளர் தமது மாற்றத்தை இணையத்திலுள்ள மூலக்குறிக் களஞ்சியத்தில் சேர்ப்பார்.
(ஆ) சேவையகம் அதனை அறிந்து புதிய பிரதியை எடுக்கும்.
(இ) செய்நிரலின் சோதனைகளும் ஆவணத்தின் உதாரணங்களும் இயக்கப்படும். இணைப்புகள் திறக்கின்றனவா எனவும் பார்க்கப்படும்.
(ஈ) வழு இருப்பின் வெளியீடு நிறுத்தப்பட்டுப் பங்களிப்பாளருக்கு அறிவிக்கப்படும். பழைய பதிப்பே பயனருக்குத் தெரியும்.
(உ) வழு இல்லையெனின், சாதாரண உரைக் கோப்புகள் இணையப் பக்கங்களாக மாற்றப்பட்டு வெளியிடப்படும்.

2008 இல் வெளிவந்த ‘ஸ்பிங்ஸ்’ எனும் மென்பொருள் உரையை இணையப் பக்கங்களாக மாற்றும். 2010 இல் ஆரம்பிக்கப்பட்ட ‘ரீட் த டொக்ஸ்’ சேவை, களஞ்சியம் மாறும் ஒவ்வொரு முறையும் ஆவணத்தைத் தானாகவே ஆக்கி வெளியிடும்.

4. கணினியால் முடியாதவை

விளக்கம் தெளிவாக உள்ளதா, தமிழ் மொழிபெயர்ப்பு முகாம் பொறுப்பாளருக்கு விளங்குமா என்பவற்றைக் கருவி அறியாது. அதற்கு மனிதரே வாசித்துப் பார்க்க வேண்டும். இப்பணிக்குச் செய்நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனவே உங்களைப் போன்ற மாணவரும் திறந்த மூல மென்பொருளுக்குப் பங்களிக்கலாம்.

மாதிரி வினா

ஆவணங்களைத் தன்னியக்கமாகச் சோதித்து வெளியிடுவதன் நன்மைகள் இரண்டும் வரையறை ஒன்றும் தருக.

விடை

நன்மைகள்: செய்நிரலுக்கும் ஆவணத்துக்கும் இடையிலான முரண்பாடு விரைவில் வெளிப்படும், ஒவ்வொரு மாற்றத்தின் பின்னரும் கைமுறையாக வெளியிடும் வேலை இல்லை.
வரையறை: விளக்கத்தின் தெளிவைக் கருவியால் மதிப்பிட முடியாது.

கவனிக்க: சோதனையில் வழு காணப்படவில்லை என்பது, சோதிக்கப்பட்டவற்றில் வழு இல்லை என்பதை மட்டுமே காட்டும். விடை எழுதும்போது இவ்வேறுபாட்டை மறவாதீர்கள்.