மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

கடனீரேரி கடலோடு கலக்கும் தொண்டைமானாற்றில் உப்புக்காற்று ஓய்வதில்லை. அக்காற்றுக்கு இரும்பு இரையாவது இயல்பு. ஆயினும் 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் உருவான ஒஸ்ரின் ஏ-40 சோமர்செற் வண்டிகள் யாழ்ப்பாணத் தெருக்களில் நெடுங்காலம் ஓடின. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அரிதானபோது, நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும் இத்தகைய வண்டிகளையே நம்பவேண்டியிருந்தது.

அவை மண்ணெண்ணெயில் ஓடியது எங்ஙனம்? 1200 கன சென்ரிமீற்றர் கொண்ட அவ்வியந்திரத்தின் அமுக்க விகிதம் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்றே. ஆகவே தரங்குறைந்த எரிபொருளையும் அது ஓரளவு ஏற்றுக்கொள்ளும். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே சிறிது பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அக்காலத்து ஃபெர்குசன் உழவு இயந்திரங்கள் சிலவும் இவ்வாறே இயங்கின. கேடும் இல்லாமலில்லை. எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர்வழி இறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். அவ்வெண்ணெயை அடிக்கடி மாற்றாவிடின் பேரிங்குகள் தேய்ந்தொழியும்.

எஞ்சிய வண்டிகளை இன்று புதுக்குவோருள் சிலர் டைனமோவை அகற்றி ஒல்ரனேற்றர் பூட்டுகின்றனர். நன்றே. ஆனால் இவ்வண்டிகளில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். அதனை மாற்றியமையாது பூட்டினால் ஒல்ரனேற்றர் நொடியில் பழுதாகும். உப்புக்கோ பழைய வைத்தியமே: அடிப்புறத்தை நன்னீரால் கழுவி, உலர்த்தி, கிரீஸ் பூசுதல்.