ஜூலை வெயில், ஜனவரித் தரை

சுவிட்சர்லாந்தின் பேர்ன் மாநிலத்தில் ஓபர்புர்க் என்று ஓர் ஊர். 2007-இல் அங்கே எட்டுக் குடித்தனங்களுக்கான அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. வீட்டைக் கட்டி முடித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி வைப்பதுதான் ஊர் உலக வழக்கம். இங்கே தொட்டியை முதலில் நிறுத்திவிட்டு, அதைச் சுற்றி வீட்டைக் கட்டினார்கள். மாடிகளை ஊடுருவிக்கொண்டு நிற்கும் அந்த எஃகுத் தொட்டியின் கொள்ளளவு 2,05,000 லிட்டர். நம்மூரில் வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் பதினேழு வந்து கொட்டினால்தான் நிறையும்.

கூரையின் தெற்குப் பக்கம் முழுக்க, 276 சதுர மீட்டர் பரப்புக்கு, சூரிய வெப்பத் தட்டுகள். மின்சாரம் எடுக்கும் பேனலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் மொட்டை மாடிகளில் குளிக்க வெந்நீர் தரும் சோலார் ஹீட்டர் வகையைச் சேர்ந்தது இது. கோடை முழுதும் தொட்டி நீரைச் சூடேற்றி வைத்துக்கொள்கிறது. பனிக்காலத்தில் அந்தச் சூட்டிலேயே எட்டு வீடுகளும் கதகதப்பாக இருக்கின்றன; குளியலுக்கான வெந்நீரும் அதிலிருந்துதான். எண்ணெய், காஸ், விறகு எதுவும் கிடையாது.

இதைச் செய்தவர் ஜோசஃப் ஜென்னி என்ற பொறியாளர். சூரிய ஒளியில் ஓடும் வண்டிகளுக்காக 1985-இல் ‘டூர் டி சோல்’ என்ற பந்தயத்தைத் தொடங்கியவரும் இவர்தான். 1989-லேயே இதே ஊரில் சூரிய வெப்பத்தை மட்டும் நம்பி ஒரு தனிவீட்டைக் கட்டிக் காட்டியிருந்தார். அந்தப் பகுதியில் டிசம்பர் மாதம் விழும் வெயில், ஜூலை வெயிலில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். வெயில் கொட்டும்போது வீட்டுக்குச் சூடு வேண்டாம். சூடு வேண்டும்போது வெயில் இல்லை. ஆறு மாதத்துக்கு முந்தைய வெயிலை எங்காவது எடுத்து வைத்தாக வேண்டும் என்பதால்தான் அத்தனை பெரிய தொட்டி.

தொட்டி எல்லோர் கண்ணிலும் படுகிறது. இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் காலுக்கடியில் இருக்கிறது என்பது என் கட்சி. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரிந்துவிடும்.

அந்த அளவுள்ள ஒரு தொட்டியின் நீரை 90 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஐரோப்பிய வீடுகளில் சன்னலுக்குக் கீழே இரும்பு ரேடியேட்டர் இருக்கும். அறையைச் சூடாக்க அதற்குள் 60 டிகிரி நீராவது ஓட வேண்டும். ஆகவே தொட்டி 90-இலிருந்து 60-க்கு இறங்கியதும் ரேடியேட்டரைப் பொறுத்தவரை கதை முடிந்தது. இந்த 30 டிகிரி இறக்கத்தில் கிடைப்பது, நம் மின் மீட்டர் கணக்கில் சொன்னால், சுமார் 7,000 யூனிட் வெப்பம். தரைக்கடியில் குழாய் ஓடும் வீட்டுக்கு 30 டிகிரி நீர் போதும். 90-இலிருந்து 30 வரை வழித்தெடுத்துவிடலாம். 14,000 யூனிட்டைத் தாண்டுகிறது. தொட்டியும் அதேதான், வெயிலும் அதேதான். ரேடியேட்டரைத் தூக்கிவிட்டுத் தரையைச் சூடாக்கியதில் சேமிப்பு இரண்டு மடங்காகிவிட்டது.

இன்னொரு லாபமும் உண்டு. பனிக்கால வெயிலில் 60 டிகிரி நீர் கேட்டால் கூரைத் தட்டு கையை விரித்துவிடும். தட்டு எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு வெப்பத்தை வெளிக்காற்றிடம் பறிகொடுக்கும். 35 டிகிரி கேட்டால், மங்கலான பிற்பகலில்கூட ஓரளவு தரும்.

அவ்வளவு குறைந்த சூடு எப்படிப் போதுகிறது? பரப்புதான் காரணம். ரேடியேட்டர் சன்னலடியில் ஒரு மூலையைப் பிடித்திருக்கிறது. தரையோ வீடு முழுக்க விரிந்து கிடக்கிறது. அறை 20 டிகிரியிலும் தரை 23 டிகிரியிலும் இருந்தால், சதுர மீட்டருக்கு 30 வாட் வீதம் வெப்பம் மேலே வரும். நூறு சதுர மீட்டர் வீட்டுக்கு 3 கிலோவாட். நன்றாக வெப்பக்காப்புச் செய்த வீட்டுக்குப் பெரும்பாலான பனிநாட்களில் இது போதும். தொட்டுப் பார்த்தால் தரை சூடாகவே தெரியாது, சில்லிடவில்லை என்று மட்டும் தெரியும். ஐரோப்பியத் தரநிர்ணயம் ஆள் புழங்கும் இடத்தில் தரைச் சூட்டை 29 டிகிரிக்கு மேல் அனுமதிப்பதில்லை. அதற்கு மேல் போனால் கால் உறுத்தும். பேர்னிலும் சூரிச்சிலும் வாழும் ஈழத்தமிழர்களைக் கேட்டால் தெரியும், தை மாதத்துக் காலையில் வெறுங்காலோடு சமையலறைக்குப் போகிற சுகம்.

தானாகவே அடங்குவதும் இதன் நல்ல குணம். மதிய வெயில் சன்னல் வழியே இறங்கி அறை 22 டிகிரிக்கு ஏறிவிட்டால், 23 டிகிரித் தரையிலிருந்து வரும் வெப்பம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிடும். யாரும் எந்த வால்வையும் திருக வேண்டாம்.

வேலை நடக்கும்போது போய்ப் பார்த்தால், கான்கிரீட் தளத்தின் மேல் முதலில் வெப்பக்காப்புப் பலகைகளைப் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் பிளாஸ்டிக் குழாய், கட்டைவிரல் தடிமனுக்கு, ஒரு சாணுக்குக் குறைந்த இடைவெளியில் நத்தைச் சுருளாக வளைந்து வளைந்து போகும். அறை முழுக்க ஒட்டில்லாத ஒரே துண்டு. நடுவே இணைப்புப் போட்டுப் பின்னாளில் அது கசிந்தால் தரையைப் பெயர்க்க வேண்டி வரும் அல்லவா? குழாயில் நீரை ஏற்றி அழுத்தச் சோதனை செய்து, முள் இறங்கவில்லை என்று பார்த்த பிறகே சிமென்ட் கலவையைக் கொட்டுவார்கள். குழாயும் அதற்குள் மறைந்து, மொத்தம் ஆறேழு சென்டிமீட்டர் கனம். பிறகு டைல்ஸ். நடைக்கூடத்துச் சுவரில் ஒரு தகரப் பெட்டி. திறந்தால் அறைக்கு ஒன்றாகக் குட்டி வால்வுகள், நீரோட்டம் காட்டும் கண்ணாடிக் குழல்கள். குழாய் கண்ணுக்கே தெரியாத இந்த முறையில் கண்ணுக்குத் தெரிகிற பாகம் அந்தப் பெட்டி ஒன்றுதான்.

ஆரம்பத்தில் அடியும் பட்டிருக்கிறார்கள். 1970-களில் போட்ட பிளாஸ்டிக் குழாய்களின் சுவர் வழியே காற்றிலிருக்கும் ஆக்சிஜன் மெல்ல உள்ளே ஊடுருவியது. நீரில் கலந்து, பாய்லரின் இரும்புப் பாகங்களை அரித்து, கறுப்புச் சேறாகக் குழாய்களை அடைத்தது. இன்று குழாயின் மேல் ஆக்சிஜனைத் தடுக்கும் மெல்லிய படலம் ஒன்று இருக்கும். குழாயைப் பிரித்துப் பார்க்காதவர்களுக்கு அது தெரியாது.

தரையைச் சூடாக்குவது ஒன்றும் புதிய யோசனை இல்லை. கொரியாவின் ‘ஒண்டோல்’ வீடுகளில் அடுப்புப் புகையைத் தரைக்கற்களுக்கு அடியில் ஓடவிட்டு, மறுபக்கப் புகைபோக்கியில் வெளியேற்றினார்கள். அடுப்பை ஒட்டிய கதகதப்பான இடம் வீட்டுப் பெரியவர்களுக்கு. டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காகப் போன அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், அங்கே ஒரு கொரிய அறையில் அமர்ந்து சொக்கிப்போனார். 1937-இல் விஸ்கான்சினில் அவர் கட்டிய ஜேக்கப்ஸ் வீட்டில் அந்தத் தரைச்சூடு வந்துவிட்டது.

ஆக, தரை பழையது. தொல்லை பிடித்தது சேமிப்புதான். பெரிய தொட்டி வேண்டாம் என்று வேறு வழி தேடியவர்களில் முக்கியமானவர் மரியா டெல்கெஸ். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய விஞ்ஞானி. 1948-இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டோவர் என்ற ஊரில், கட்டடக் கலைஞர் எலினார் ரேமண்ட், பணம் போட்ட சிற்பி அமிலியா பீபாடி இருவரோடும் சேர்ந்து ஒரு சூரிய வீட்டை எழுப்பினார். மூவரும் பெண்கள், அந்தக் காலத்துக்கு அதுவே செய்தி. அந்த வீட்டில் வெப்பத்தைச் சேமித்தது கிளாபர் உப்பு. 32 டிகிரியில் உருகும். ஒரு கிலோ உருகும்போது விழுங்கும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரை 60 டிகிரி சூடேற்றப் போதுமானது. மாலையில் மீண்டும் உறையும்போது அத்தனையையும் திருப்பித் தரும். சுமார் 21 டன் உப்பை டப்பாக்களில் அடைத்துச் சுவர்களுக்கு இடையே வைத்தார்கள். இரண்டு குளிர்காலம் ஓடியது. பிறகு உருகிய உப்பு, அடியில் திடமும் மேலே திரவமுமாகப் பிரிந்து நின்றுவிட்டது. முழுதாக உறைய மறுத்தது. டப்பாக்களும் அரித்துக் கசிந்தன. கடைசியில் வழக்கமான வெப்பமூட்டியைப் பொருத்தினார்கள். உருகும் உப்புகளின் மேல் இன்றும் ஆராய்ச்சி நடக்கிறது. பிரிந்து போகும் குணம்தான் இன்னும் ஆட்களைத் தூங்கவிடுவதில்லை.

தண்ணீருக்கு அந்தக் குணம் இல்லை, வடிவியல்தான் இடைஞ்சல். ஒரு மீட்டர் கனசதுரத் தொட்டியில் ஒரு கன மீட்டர் நீருக்கு ஆறு சதுர மீட்டர் மேற்பரப்பு வழியே வெப்பம் ஒழுகும். பத்து மீட்டர் தொட்டியில் அதே அளவு நீருக்கு அரை சதுர மீட்டருக்குச் சற்று மேல்தான். சிறிய தொட்டி கோடைச் சூட்டைத் தீபாவளிவரைகூடத் தாங்காது. ஜென்னி தொட்டியை வீட்டுக்கு உள்ளேயே வைத்ததில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது: குளிர்காலத்தில் அதிலிருந்து ஒழுகும் வெப்பமும் வீட்டுக்குத்தான் போகிறது. ஆனாலும் கட்டடத்தின் விலையுயர்ந்த இடம் அதற்குப் போய்விடுகிறது.

பெரிதாகச் செய்தவர்கள் ஊராகச் சேர்ந்து செய்தார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், குளிர் மைனஸ் 30-ஐத் தொடும் ஓகோடோக்ஸ் என்ற ஊரில், 2007-இல் 52 வீடுகளுக்கான டிரேக் லாண்டிங் குடியிருப்பு வந்தது. அங்கே தொட்டிக்குப் பதில் நிலமே கிடங்கு. 37 மீட்டர் ஆழத்துக்கு 144 துளைகள் போட்டு, கோடை முழுக்க வெந்நீரை உள்ளே சுற்றவிட்டு மண்ணைச் சூடேற்றினார்கள். மண்ணை நிரப்பவே சில ஆண்டுகள் பிடித்தன. 2015-16 குளிர்காலத்தில் வீடுகளுக்குத் தேவையான முழு வெப்பமும் சூரியனிடமிருந்து கிடைத்தது. அங்கு வீடுகளுக்குள் தரைக்குழாய் இல்லை, விசிறி வைத்த காற்றுமுறைதான். என்றாலும் 40, 50 டிகிரி நீருக்கு ஏற்றபடி அமைத்தது. பிறகு தட்டுகளும் பம்புகளும் வயதாகி, உதிரிப் பாகம் கிடைப்பது அரிதாகி, பழுதுபார்ப்புச் செலவு ஏறி, 2024-இல் அதை மூடிவிட்டு வீடுகளுக்கு காஸ் இணைப்புக் கொடுத்தார்கள். மண் சொன்னபடி நடந்துகொண்டது. ஐம்பது வீட்டுக்கென்று தனியாகச் செய்த இயந்திரத்தைப் பராமரிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

டென்மார்க் இந்த விஷயத்தில் விவரம். அங்கே ஊருக்கே பொதுவான வெந்நீர்க் குழாய் ஏற்கெனவே ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஊழியர்களும் இருக்கிறார்கள். வோயென்ஸ் என்ற சிற்றூரில் பழைய மணல் குவாரியில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, 2,00,000 கன மீட்டர் நீரை நிரப்பி, மேலே மிதக்கும் மூடி போட்டுவிட்டார்கள். இத்தகைய குளங்களில் மூடிதான் முதலில் பழுதாகிறது; மார்ஸ்டல், ட்ரோனிங்லுண்ட் இரண்டு ஊர்களிலும் மூடியை மாற்ற வேண்டி வந்தது. மாற்றினார்கள், குளம் ஓடுகிறது.

தனிவீட்டுக்காரருக்கு இன்று இதைவிட எளிய வழி வந்துவிட்டது என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. சூரிய மின்பேனல் மலிந்துவிட்டது. வெளியிலிருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் தருகிறது. அதுவும் 35 டிகிரி நீர் கேட்டால் அதிகம், 55 கேட்டால் குறைவு. அதாவது அங்கும் தரைக்குழாய்க்கே முதல் மரியாதை. ஜெர்மனியின் ஸ்ட்ராபிங்கில் 2004-இல் தொடங்கிய ‘சோனன்ஹவுஸ்’ நிறுவனத்தார் முழுச் சூரிய வெப்பத்தை வற்புறுத்துவதில்லை. பாதியாவது சூரியனிடமிருந்து வரட்டும், மீதிக்கு ஒரு விறகடுப்பு இருக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

இந்தியாவில் இந்தத் தொழில்நுட்பத்துக்கு உரிய இடம் ஊட்டி இல்லை, லடாக். அங்கே வானம் ஐரோப்பாவைப் போல மூடிக் கிடப்பதில்லை. பனிக்காலத்திலும் பகலில் பளீரென்று வெயில் அடிக்கிறது. சூட்டைப் பல மாதங்களுக்கு வைத்திருக்க வேண்டாம், மாலையிலிருந்து மறுநாள் காலைவரை வைத்திருந்தால் போதும். பத்து சென்டிமீட்டர் கனமுள்ள நூறு சதுர மீட்டர் கான்கிரீட் தரை ஒரு டிகிரி இறங்கினால் சுமார் ஆறு யூனிட் வெப்பம் வெளிவரும். இரவில் நான்கு டிகிரி இறங்கினால் 24 யூனிட். தரையே தொட்டி. லேயை அடுத்த ஃபேயில் சோனம் வாங்சுக்கும் நண்பர்களும் உருவாக்கிய செக்மோல் வளாகத்தில் குழாய்கூட இல்லாமல், தெற்கு நோக்கிய கண்ணாடியையும் தடித்த மண்சுவரையும் வைத்தே மாணவர்கள் குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள். லே நகருக்குள் இப்போது எழும் சிமென்ட் கட்டடங்கள் பலவற்றில் மண்சுவரும் இல்லை, வெப்பக்காப்பும் இல்லை. அவற்றுக்குள் எத்தனை குழாய் பதித்தாலும் அந்த 24 யூனிட் நள்ளிரவுக்குள் சுவர் வழியே போய்விடும்.