நிறைவெண்ணின் அகலமும் கோப்பு முறைமையும்

இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது எண்களையும் ஓர் ஆங்கில எழுத்தையும் கொண்டது. பிறந்த ஆண்டினை முதலிரண்டு எண்களே உணர்த்தின. 2000ஆம் ஆண்டிற் பிறந்த பிள்ளைகள் அட்டை பெறும் பருவம் எய்தவே அவ்விரண்டெண் போதாதாயிற்று. ஆதலின் 2016 சனவரி 1 முதல் ஆட்பதிவுத் திணைக்களம் ஆண்டினை நான்கு எண்களாற் குறிக்கும் பன்னிரண்டெண் இலக்கத்தைக் கைக்கொண்டது.

அலவத்துகொடையிலோ கண்டியிலோ ஒரு சங்கத்தின் கணினி இவ்விலக்கத்தை 32 பிற்று அகலமுடைய நிறைவெண்ணாகக் கொண்டிருந்ததெனின், ஆண்டு கடந்து வேறோர் இடரும் தோன்றும். குறியுடைய 32 பிற்று நிறைவெண்ணின் பேரெல்லை 2,147,483,647 ஆகும். ஒன்பதெண் இலக்கம் அதனுள் அடங்கும். பன்னிரண்டெண் இலக்கம் அடங்காது.

இத்தகைய வழு கோப்பு முறைமையில் நேருமாயின் விளைவு கொடிது. கோப்பு 4096 பைற்று கொண்ட துண்டங்களாக வைக்கப்படுகின்றது. துண்டத்தின் எண்ணை 4096ஆற் பெருக்கினால் அதன் தொடக்கம் கோப்பில் எவ்விடமென்பது பெறப்படும். 1,048,576 என்னும் எண்ணுடைய துண்டத்திற்கு விடை 4,294,967,296. குறியற்ற 32 பிற்று கொள்ளக்கூடியதோ அதனினும் ஒன்று குறைந்தது. மேற்பகுதி உதிர, எஞ்சுவது சுழியம். எனவே கோப்பின் நடுவிலோ இறுதியிலோ சேரவேண்டிய தரவு அதன் முதற்பக்கத்தின்மேல் எழுதப்பட்டுவிடும். பிழைச்செய்தி யாதும் எழாது. சிறு கோப்புகளை வைத்துச் சோதிப்போர்க்கு இவ்வழு என்றுமே புலப்படாமை குறிப்பிடத்தக்கது.

திருத்தப் புகுவோர் பெரும்பாலும் விடையை ஏற்கும் மாறியை மட்டும் 64 பிற்றாக அகலப்படுத்துவர். அது பயனற்றது. சி மொழியிற் பெருக்கல், பெருக்கப்படும் எண்களின் அகலத்திலேயே நிகழ்கின்றது. விடை அகன்ற மாறியைச் சேருமுன்னரே உதிரவேண்டியது உதிர்ந்துவிடும். கொத்து நிரம்பி வழிந்து சிந்திய அரிசியைப் பெரிய சாக்கு மீட்டுத் தருமோ? துண்ட எண்ணைப் பெருக்கலுக்கு முன்னரே 64 பிற்றாக மாற்றுவதே முறை. ஒரு சொல்லைச் சேர்ப்பதால் முடியும் திருத்தம் இது. ஆயின் உரிய இடத்திற் சேர்த்தல் வேண்டும்.

அகலம் வட்டிலேயே பொறிக்கப்பட்டிருப்பின் நிரலைத் திருத்தினால் மட்டும் போதாது. லினக்சின் எக்ஸ்ட்3 முறைமை, 1970 தொடக்கம் கழிந்த வினாடிகளை 32 பிற்றில் எழுதுவது. அக்கணக்கு 2038 சனவரி 19இல் முடிவுறும். பின்வந்த எக்ஸ்ட்4 கோப்பு விவரப் பதிவை 256 பைற்றாக்கி, மேலதிகப் பிற்றுகளால் எல்லையை 2446 வரை நீட்டியது. பழைய அட்டை இலக்கத்தைப் புதிய வடிவிற்கு மாற்றுதல் எளிது: முன்னே 19ஐயும், நாளைக் குறிக்கும் மூன்றெண்ணின் பின் ஒரு சுழியத்தையும் இட்டால் அமையும். 128 பைற்றுப் பதிவுடைய பழைய வட்டிலோ மேலதிகப் பிற்றுகளை இட இடமே இல்லை. அவ்வட்டுகளின் பதிவுகளை அக்காலக்கெடுவிற்கு முன்னர் அகன்ற அமைப்பிற்கு மாற்றியே தீரல் வேண்டும்.