விவாகரத்தான பெண்கள் மனசு தேறுவது எப்படி?

விவாகரத்து வாங்கிக்கொண்டு தாய் வீட்டுக்கு திரும்பும் பெண் முதலில் கேட்கும் வார்த்தை, "கொஞ்சம் அனுசரிச்சு போயிருக்கலாமே" என்பதுதான். தங்கையை பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அவளை உள் ரூமில் இருக்க சொல்வார்கள். கோர்ட்டில் அலைந்ததைவிட இதுதான் அதிகம் வலிக்கும்.

அமெரிக்காவில் ஹோம்ஸ், ராஹே என்ற 2 மனநல டாக்டர்கள் 1967-ம் ஆண்டு, மன உளைச்சல் தரும் சம்பவங்களுக்கு மார்க் போட்டார்கள். வாழ்க்கை துணையின் மரணத்துக்கு 100. அடுத்த இடம் விவாகரத்துக்கு, 73 மார்க். கணவன் செத்தால் ஊரே கூடி அழும். விவாகரத்தான பெண்ணோடு அழ யார் வருகிறார்கள்?

அடி, உதையில் இருந்து தப்பி வந்தவருக்கு முதலில் நிம்மதிதான் வரும். எதிர்பாராமல் கைவிடப்பட்டவருக்கு நாளாகும். ஆனால் ஒரே மாதிரி கஷ்டப்பட்ட 2 பேரில் ஒருவர் மட்டும் சீக்கிரம் தேறுவது ஏன்?

அரிசோனா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2012-ல் இதற்கு பதில் சொன்னது. கணவன் அல்லது மனைவியை பிரிந்தவர்களை அதுபற்றி சில நிமிடம் பேச வைத்து பதிவு செய்தார்கள். தன்னை திட்டிக்கொள்ளாமல், தன்மேல் இரக்கத்தோடு பேசியவர்களுக்கு மன வேதனை குறைவாக இருந்தது. 9 மாதம் கழித்தும் அந்த வித்தியாசம் தெரிந்தது.

இரக்கம் என்றால் "எல்லாம் அவன் தப்பு" என்று கரித்துக்கொட்டுவது இல்லை. "என் பக்கமும் தப்பு இருக்கலாம், அதுக்காக நான் ஆகாதவள் ஆயிடுவேனா?" என்று நினைப்பது. பக்கத்து வீட்டு பெண்ணுக்கு சொல்லும் ஆறுதலை தனக்கும் சொல்லிக்கொள்வது.

"எங்கே தப்பு பண்ணேன்?" என்று ராத்திரி பூரா அதையே நினைப்பவர்களுக்குத்தான் சிக்கல். மனசில் உள்ளதை கொட்டி எழுது என்று சிலர் யோசனை சொல்வார்கள். எல்லோருக்கும் அது சரிப்படாது. 2013-ல் வந்த இன்னொரு ஆய்வில், பிரிவுக்கு காரணம் தேடியே மருகுகிறவர்கள் வேதனையை எழுதியபோது மேலும் சோர்ந்தார்கள். அன்றாட வேலைகளை மட்டும் எழுதியவர்கள் நன்றாக தேறினார்கள். தினமும் நேரத்துக்கு எழுந்து வேலைக்கு போவதே பாதி மருந்து. கையில் சொந்த சம்பளம் இருந்தால் பயமும் குறையும்.

குறை சொல்லாமல் காது கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அது அம்மாவாக இருந்தால் ரொம்ப நல்லது.

வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. போன் நம்பர் 15100. விவாகரத்துக்கு பிறகும், மறுமணம் செய்யாதவரை, பிழைக்க வழியில்லாத பெண் ஜீவனாம்சம் கேட்கலாம். தூக்கம் வராமல், யாரிடமும் சொல்ல முடியாமல் தவிப்பவர்கள் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது.