வெயில் எழுதும் படம்

மஞ்சள் கறை பட்ட வேட்டிக்குச் சோப்புப் போட்டால் கறை சட்டென்று சிவக்கும். அலசி வெயிலில் காயப்போட்டால் மெல்ல வெளிறி, போன இடம் தெரியாமல் போகும். வீட்டுக்கு வீடு தெரிந்த இந்த இரண்டு மாற்றங்களை வைத்தே ஒரு புகைப்படம் எடுத்துவிடலாம். கேமரா வேண்டாம், ஃபிலிம் வேண்டாம், இருட்டறை வேண்டாம். மாசி மாதத்து வெயில் போதும்.

மஞ்சள் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றைத் தடித்த தாளில் பூசி, நிழலில் காயவைக்க வேண்டும். அதன்மேல் ஒரு வேப்பங்கொத்தை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால், சில மணி நேரத்தில் இலை மறைத்த இடம் தவிர மற்ற இடமெல்லாம் வெளிறிவிடும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற மூலக்கூறை வெயிலின் ஒளி உடைத்துவிடுவதுதான் காரணம். பிறகு வெங்காரம் கரைத்த நீரைத் தாள்மேல் விட்டால், மிச்சமிருக்கும் மஞ்சள் செம்பழுப்பாக மாறி, இலையின் ஒவ்வொரு பல்லும் துலக்கமாகத் தெரியும். பழைய முறையில் குங்குமம் செய்பவர்கள் மஞ்சளோடு எலுமிச்சைச் சாறும் வெங்காரமும் சேர்ப்பதும் இந்த நிறமாற்றத்துக்காகத்தான். பூக்களின் சாறு இப்படி வெயிலில் வெளிறுவதை 1842-இல் ஆராய்ந்து எழுதியவர் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல். நீல நிறத்தில் படம் தரும் சயனோடைப் முறையைக் கண்டுபிடித்தவரும் அவரே. அதில் வெயிலுக்கு மாறுவது இரும்பு உப்பு.

மஞ்சள் படத்துக்கு ஒரு குறை உண்டு: எழுதிய வெயிலே அதை அழித்தும்விடும். சுவரில் மாட்டினால் நாளடைவில் வெறும் தாள்தான் மிஞ்சும். நிலைத்த படம் வேண்டுமானால், வெயில் பட்ட இடம் அழியாமல் இறுகிப்போகும் பொருள் வேண்டும். ‘கம் பிரிண்ட்’ என்னும் பிசின் அச்சு அதைத்தான் செய்கிறது.

இதற்குப் பொதுவாகப் பயன்படுவது ஆப்பிரிக்காவில் சூடான் பக்கம் விளையும் அரபிக் பிசின். நம் ஏரிக்கரைகளில் நிற்கும் கருவேலம் அந்தப் பிசினைத் தரும் மரத்துக்கு நெருங்கிய உறவு. கருவேலம் பிசின் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பிசினைத் தண்ணீரில் கரைத்து, நிறப்பொடி ஒன்றைக் குழைத்து, பொட்டாசியம் டைகுரோமேட் என்ற ஆரஞ்சு நிற உப்பின் கரைசலைச் சேர்ப்பார்கள். மங்கிய மஞ்சள் விளக்கில் அதைத் தாளில் பூசிக் காயவைத்து, படத்தின் அளவுக்கே உள்ள நெகட்டிவை மேலே வைத்து வெயில் காட்டுவார்கள். ஒளி பட்ட இடத்தில் குரோமியம் தன் வேதிநிலையை மாற்றிக்கொண்டு, பிசினின் நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. பிணைந்த பிசின் தண்ணீரில் கரையாது.

அடுத்த கட்டம்தான் கண்கொள்ளாக் காட்சி. தட்டில் நீர் நிரப்பித் தாளைக் குப்புற மிதக்கவிட்டால், வெயில் படாத பிசின் ஊறி இளகி, தன்னிடமுள்ள நிறத்தோடு கீழே வடிகிறது. தட்டின் அடியில் நிறம் படியப் படிய, தாளில் உருவம் தெளிகிறது. ஆனால் பூச்சு மேலிருந்து கீழாகத்தான் இறுகும். வெயில் குறைவாகப் பட்ட இடங்களில் மேற்பரப்பு மட்டும் இறுகி, தாளைப் பற்றாமல் கழன்றுவிடும். அதனால் மென்மையான சாயைகள் தங்குவதில்லை. தேர்ந்த கைகள் இதே தாளில் மறுபடி பூசி, நெகட்டிவை இம்மியும் பிசகாமல் பொருத்தி, அடுக்கடுக்காக அச்சிடுவது அதனால்தான். நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னொரு சிக்கலும் சேரும்: வெப்பமும் ஈரமும் மிகுந்தால் பூச்சு இருட்டிலேயே இறுகத் தொடங்கும். காய்ந்ததும் தாமதிக்காமல் அச்சிட்டுவிட வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இந்த வேதியியல் புதிதல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் குரோமிய உப்பு தோலின் புரத இழைகளைப் பிணைத்து அழுகாமல் காக்கிறது. அங்கே தோலில் நடக்கும் பிணைப்பும் இங்கே தாளில் நடக்கும் பிணைப்பும் ஒரே இனம். ஆபத்தும் உண்டு. டைகுரோமேட்டில் உள்ள ஆறிணைய குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற ஏறத்தாழ 2 லட்சம் டன் கழிவு, அப்பகுதி நிலத்தடி நீரை இன்றும் வதைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் தனி அனுமதியின்றி டைகுரோமேட்டைப் பயன்படுத்த முடியாது. டைகுரோமேட்டுக்குப் பதில் இரும்பு உப்புகளைக் கொண்டு இறுக்கும் முறைகளைப் பலர் முயன்றுவருகிறார்கள். டைகுரோமேட்டைச் சிறுவர் கையில் கொடுக்கவே கூடாது. கழுவிய நீரைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது.

தமிழகத்தில் தொடக்ககாலப் படங்களும் வெயிலில் அச்சானவைதான். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856-இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், மெழுகு ஏற்றிய தாள் நெகட்டிவ்களோடு மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை அவர் துண்டுதுண்டாக எடுத்து ஒட்டிய நெடும்படம் ஏறத்தாழ 19 அடி நீளம். அவருக்குப் படம் தந்தது வெயிலில் கறுக்கும் வெள்ளி உப்பு. வெள்ளி காலப்போக்கில் மங்கக்கூடியது. பிசின் அச்சின் ஆயுளோ அதில் கலந்த நிறத்தைப் பொறுத்தது. கரியோ காவியோ கலந்தால் தாள் உள்ளவரை நிறமும் இருக்கும்.

காவி என்பது இரும்பு ஆக்சைடு. செம்மண்ணின் சிவப்பும் அதுவே. அப்படியானால் 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமான செஞ்சிக் கோட்டையை, செஞ்சிச் சீமையின் செம்மண்ணைச் சலித்துக் கலந்து, கருவேலம் பிசினிலேயே அச்சிடலாம். அது பயிற்சி பெற்ற பெரியவர்களுக்கான வேலை. பள்ளிகளோ மஞ்சளிலிருந்து தொடங்கட்டும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் குன்றின் படத்தை ஜெராக்ஸ் கடையில் கண்ணாடித் தாளில் அச்சடித்து வாங்கி, மஞ்சள் பூசிய தாள்மேல் வைத்து மொட்டைமாடியில் காயப்போட்டால் போதும். வெளிறுவது, கறுப்பது, இறுகுவது என்று ஒளி பொருளை மாற்றும் வழிகள் பல என்பதையும், அந்த மாற்றத்தைப் பிடித்து வைப்பதே புகைப்படம் என்பதையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடத் தன் கையாலேயே கற்றுக்கொள்ளும்.