கொள்ளைநோய்க் காலத்தில் குழந்தைகளும் ஹஜ் பயணமும்

முன்னுரை

ஹஜ்ஜுக் காலத்தில் மக்காவிலும் மினா, அரஃபா, முஸ்தலிஃபா ஆகிய இடங்களிலும் பல இலட்சம் மக்கள் ஒருங்கே கூடுகின்றனர். இத்தகைய திரளில் நோய் எளிதிற் பரவும். 1865-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது காலராவால் ஏறத்தாழ 15,000 பயணிகள் மாண்டனர். நோய் பரவும் காலத்தில் சிறு குழந்தைகளை இப்பயணத்திற்கு அழைத்துச் செல்லலாமா என்னும் வினாவை ஈண்டு நாம் ஆராய்வோம்.

சமய நெறி

பருவமடைந்து, அறிவுத் தெளிவும் உடல்வலிமையும் பொருள்வசதியும் பெற்ற முஸ்லிமுக்கே ஹஜ் கடமையாகும். குழந்தையின் ஹஜ் ஏற்கப்படும் என்பதும், அழைத்துச் செல்பவருக்கு நற்கூலி உண்டு என்பதும் நபிமொழியால் அறியப்படும். ஆயினும், அதனால் கடமை நிறைவேறியதாகாது. அக்குழந்தை வளர்ந்தபின், வசதி வாய்த்தால், மீண்டும் ஹஜ் செய்தல் வேண்டும். எனவே, குழந்தையை வீட்டில் விட்டுச் செல்வதால் எக்கடமையும் தவறுவதில்லை.

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழைய வேண்டா என்பதும் நபிமொழியே. சிரியாவை நோக்கிச் சென்ற கலீபா உமர், அங்கு நோய் பரவியதை அறிந்து சர்க் என்னுமிடத்திலிருந்து திரும்பினார். இறை விதியினின்று தப்பி ஓடுவதா என வினவப்பட்டபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக அவர் விடையிறுத்தார். முன்னெச்சரிக்கை நம்பிக்கைக்கு முரணன்று என்பது இதனாற் பெறப்படும்.

அண்மைக்கால நடைமுறை

எச்1என்1 காய்ச்சல் பரவிய 2009-இல், 12 வயதிற்குட்பட்டோர், 65 வயதைக் கடந்தோர், கருவுற்ற பெண்கள் ஆகியோரை அவ்வாண்டு ஹஜ்ஜினின்று விலக்க அரபு நாடுகளின் சுகாதார அமைச்சர்கள் கெய்ரோவில் முடிவு செய்தனர். மெர்ஸ் நோய் தோன்றியபின், 2013-இல் சவூதி அரசு குழந்தைகளின் பயணத்தை ஒத்திவைக்குமாறு பரிந்துரைத்தது. கொவிட்-19 காலத்தில், 2021-ஆம் ஆண்டு ஹஜ் 18 முதல் 65 வயதினருக்கே அனுமதிக்கப்பட்டது. 2025-இல் நோயைக் கருதியன்றி நெரிசலைக் கருதியே குழந்தைகள் தடுக்கப்பட்டனர்.

இல்லம் வரும் நோய்

குழந்தையை விட்டுச் சென்றால் மட்டும் போதுமா? 2000-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது டபிள்யூ-135 வகை மூளையுறை அழற்சி பரவியது. பயணிகளிற் பலர் அவ்வகையைத் தடுக்காத ஊசியையே போட்டிருந்தனர். சிங்கப்பூர் உள்ளிட்ட பல நாடுகளில், திரும்பி வந்த பயணிகளின் குடும்பத்தினரும் நோயுற்றனர். நோயறிகுறி எதுவுமின்றியே ஒருவர் தொண்டையில் கிருமியைச் சுமந்து வர இயலும். அதன்பின் ஏ, சி, டபிள்யூ, ஒய் ஆகிய நால்வகைக்குமான தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது. அதனைச் சவூதி அரேபியாவை அடைவதற்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன்னரே போட்டுக்கொள்ளுதல் வேண்டும். பழைய வகை ஊசி இரண்டு வயதிற்குட்பட்டோருக்குப் போதிய காப்பளிக்காது. தொண்டையில் கிருமி தங்குவதையும் நன்கு தடுக்காது. இணைப்புவகை ஊசி இவ்விரண்டிலும் மேம்பட்டது.

முடிவுரை

மலேசியாவில் பதிவு செய்தோர் தம் முறை வரப் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்கிறது. கைக்குழந்தை உள்ள வேளையில் அழைப்பு வரின், பெற்றோர் மனம் தடுமாறுவது இயல்பே. ஆனால், பயணப் பாதுகாப்பும் இயலுமையின் ஒரு கூறெனச் சமய அறிஞர் கொள்வர். தக்க பாதுகாவலர் இருப்பின் குழந்தையை அவரிடம் ஒப்படைத்துச் செல்லலாம். இல்லையெனில் ஒத்திவைத்தலும் நெறிக்கு உட்பட்டதே. செல்வோர் உரிய தடுப்பூசியைப் போட்டுக்கொள்வதோடு, திரும்பியபின் காய்ச்சலோ இருமலோ காணின் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுமுன் மருத்துவரை நாடுதல் வேண்டும். குழந்தைக்கான காப்பு பயணத்திற்கு முன் தொடங்கி, பெற்றோர் இல்லம் திரும்பிய பின்னும் தொடர வேண்டும் என்பதே நம் கருத்தாகும்.