உங்களுக்குத் தெரியுமா? பலூன் துப்பாக்கிக்குப் போருக்குப் போன பாட்டன் உண்டு!

சேத்துப்பட்டு, ஆரணிப் பக்கத் திருவிழாக்களில் பலூன் சுட்டிருக்கிறீர்களா? குழலை மடக்கும்போது உள்ளே சுருள்வில் இறுகுகிறது. விசையை அழுத்தினால் வில் விடுபட்டுக் காற்றை நெருக்கும். அந்தக் காற்றுதான் ஈயக்குண்டை வெளியே தள்ளுகிறது. குண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள், இடை சிறுத்த குட்டி உடுக்கை! (குறி தப்பினால் குழல் கோணல் என்று கடைக்காரரைத் திட்டுவது நம் வழக்கம்.)

1780 வாக்கிலேயே ஆஸ்திரியப் படை ஜிரார்டோனி என்ற காற்றுத் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. மருந்தும் இல்லை, புகையும் இல்லை. தோளில் ஊன்றும் கட்டைக்குப் பதில் இரும்புக் காற்றுக்குடுவை. மற்ற சிப்பாய்கள் ஒவ்வொரு வேட்டுக்கும் மருந்து கிட்டித்துக்கொண்டிருந்த காலத்தில், இதில் சுமார் 20 குண்டுகளை அடுத்தடுத்துச் சுடலாம். ஆனால் குடுவையை நிரப்பக் கைப்பம்பில் ஏறத்தாழ 1,500 முறை அடிக்க வேண்டும். சைக்கிளுக்குக் காற்றடித்தே கை ஓய்ந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்! தோல் அடைப்பான் காய்ந்தாலோ காற்று கசிந்துவிடும். 1815 வாக்கில் படை இதைக் கைவிட்டது. எஞ்சிய சில துப்பாக்கிகள் இன்று சேகரிப்பாளர்களின் புதையல்.

இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் போட்டியில் பிடிப்பதும் 4.5 மி.மீ. துப்பாக்கிதான். 10 மீட்டர் தூரத்தில் அவர் குறிவைக்கும் நடுப்புள்ளியின் அகலம் வெறும் அரை மில்லிமீட்டர்.